லாகின் ஏன் நிற்கவில்லை? பைத்தான் வெப் அப்பில் செஷன் தொலையும் இடத்தை அறிகுறி பார்த்துக் கண்டுபிடிப்பது

யூசர் லாகின் செய்கிறார். அடுத்த பக்கம் திறக்கிறது. மூன்றாவது பக்கத்தில் மறுபடி லாகின் ஃபார்ம் வந்து நிற்கிறது. யூசர் யார் என்று பக்கத்துக்குப் பக்கம் நினைவில் வைக்கும் செஷன் எங்கோ தொலைந்திருக்கிறது. இந்தப் புகார் வந்ததும் பலர் கை வைப்பது ரெடிஸில், அதாவது விவரங்களை நினைவகத்தில் வைக்கும் தனி சேமிப்பு சர்வரில். "செஷனை ரெடிஸுக்கு மாத்திட்டா சரியாயிடும்" என்று ஒரு நாள் வேலை பார்ப்பார்கள். ரெடிஸ் நல்ல கருவிதான். ஆனால் செஷன் எங்கே தொலைகிறது என்று தெரியாமல் சேமிக்கும் இடத்தை மாற்றினால் பிழையும் கூடவே குடிவரும், தேட வேண்டிய இடமும் ஒன்று கூடிவிடும். அதனால் கோடில் கை வைக்கும் முன் அறிகுறியைப் பார்ப்போம்.

முதலில், செஷன் எங்கே இருக்கிறது?

இது ஃபிரேம்வொர்க்குக்கு ஃபிரேம்வொர்க் மாறும். ஜாங்கோவை அப்படியே நிறுவினால் செஷன் விவரம் டேட்டாபேஸில், ஜாங்கோ_செஷன் என்ற டேபிளில் இருக்கும். பிரவுசர் கையில் இருப்பது 32 எழுத்துள்ள ஒரு அடையாள எண் மட்டும். சைக்கிள் ஸ்டாண்டில் தரும் டோக்கன் மாதிரி: வண்டி உள்ளே, சீட்டு உங்கள் கையில். ஃபிளாஸ்க் நேர் எதிர். அதன் இயல்பான செஷனில் முழு விவரமும் குக்கீக்குள்ளேயே (பிரவுசர் வைத்திருந்து ஒவ்வொரு ரிக்வெஸ்டிலும் திருப்பி அனுப்பும் சிறு குறிப்பு) யூசரின் பிரவுசருக்குப் போய்விடும். சர்வரில் எதுவும் மிஞ்சாது. யாரும் திருத்தாமல் இருக்க சீக்ரெட் கீயால் (சர்வர் மட்டும் அறிந்த ரகசியச் சாவி) கையொப்பம் மட்டும் போட்டு அனுப்புகிறது. ஃபாஸ்ட்ஏபிஐ-க்கு அடித்தளமான ஸ்டார்லெட்டின் செஷன் மிடில்வேரும் இதே வழிதான், ஃபாஸ்ட்ஏபிஐ-யில் பலர் பயன்படுத்துவதும் அதைத்தான்.

கையொப்பம் என்றால் பூட்டு என்று நினைத்துவிடக் கூடாது. ஃபிளாஸ்க் குக்கீயை எடுத்து பேஸ்64 டிகோட் செய்தால் உள்ளே இருப்பதை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். ஓடிபி, ஆதார் எண், விலைத் தள்ளுபடி விதி என்று எதையும் அதில் போடாதீர்கள்.

இப்போது பிரவுசரில் எஃப்12 அழுத்துங்கள். குரோமில் அப்ளிகேஷன் டேப், ஃபயர்ஃபாக்ஸில் ஸ்டோரேஜ் டேப், அதில் குக்கீஸ். ஃபிளாஸ்க் குக்கீயின் பெயர் செஷன். மூன்று துண்டாகப் புள்ளி வைத்துப் பிரிந்திருக்கும்: விவரம், நேரம், கையொப்பம். பெரும்பாலும் இ, ஒய், ஜே என்ற எழுத்துகளில் தொடங்கும். சுருக்கப்பட்டிருந்தால் தொடக்கத்திலேயே ஒரு புள்ளி இருக்கும். ஜாங்கோவில் பெயர் செஷன்ஐடி.

லாகின் ஆனதும் மூன்று கேள்வி கேளுங்கள். குக்கீ பிரவுசரில் வந்து உட்கார்ந்ததா? உட்கார்ந்தது என்றால், அடுத்த ரிக்வெஸ்டில் திரும்பிப் போகிறதா? (நெட்வொர்க் டேபில் ரிக்வெஸ்ட் ஹெடர்களில் தெரியும்.) போகிறது என்றால், சர்வர் அதை ஏற்கிறதா? உட்காரவே இல்லையென்றால் குக்கீயின் பண்புகளில் தவறு. உட்கார்ந்தும் போகவில்லையென்றால் டொமைன் அல்லது சேம்சைட் (வேறு தளத்திலிருந்து வரும் ரிக்வெஸ்டில் குக்கீ போகலாமா என்று சொல்லும் பண்பு) பிரச்சினை. போயும் சர்வர் கண்டுகொள்ளவில்லையென்றால் சீக்ரெட் கீ அல்லது சேமிக்கும் இடம். கீழே உள்ளவற்றில் பெரும்பாலானவை இந்த மூன்றில் ஒன்றுக்குள் அடங்கும்.

சர்வரை ரீஸ்டார்ட் செய்தால் எல்லோரும் லாகவுட் ஆகிறார்கள்

ஃபிளாஸ்க் என்றால் சீக்ரெட் கீ வரியைத் திறந்து பாருங்கள். ஓஎஸ் மாட்யூலின் யூரேண்டம் கொண்டு அந்த இடத்திலேயே கீ உருவாக்கியிருந்தால், ஒவ்வொரு முறை புராசஸ் தொடங்கும்போதும் புது கீ பிறக்கும். பழைய கையொப்பம் எதுவும் செல்லாது. ஃபிளாஸ்க் இதற்குப் பிழை எதுவும் காட்டாது, செஷன் காலி என்று எடுத்துக்கொண்டு போய்க்கொண்டே இருக்கும். லாகிலும் தடயம் இருக்காது.

கீயை ஒரே ஒரு முறை உருவாக்கி வெளியே வைக்க வேண்டும். பைத்தானின் சீக்ரெட்ஸ் மாட்யூலில் டோக்கன்_ஹெக்ஸ் என்ற ஃபங்ஷனை அழைத்தால் 64 எழுத்தில் ஒன்று தரும். அதை என்விரான்மென்ட் வேரியபிளாக வையுங்கள், கிட் ரெப்போவில் ஏற்றாதீர்கள்.

இங்கே ஒரு இடத்தில் கறாராக இருக்கச் சொல்வேன். பலர் எழுதும் வரி இப்படி இருக்கும்: என்விரான்மென்டில் கீ இருந்தால் எடு, இல்லையென்றால் புதிதாக ஒன்று உருவாக்கு. பாதுகாப்பாகத் தெரியும், ஆனால் வேரியபிள் வந்து சேராத நாளில் அப் சத்தமில்லாமல் ஓடும், செஷன் மட்டும் தொலையும். ஓஎஸ் மாட்யூலின் என்விரானில் சதுர அடைப்பு போட்டு கீயை நேரடியாகக் கேளுங்கள். கீ இல்லையென்றால் கீஎரர் வந்து அப் தொடங்கவே கூடாது. விழுந்த அப்பை ஐந்து நிமிடத்தில் சரிசெய்யலாம், சத்தமில்லாமல் ஓடும் பிழையைத் தேடினால் ஒரு வாரம் போகும்.

"நான் வேரியபிளை பேஷ்ஆர்சி ஃபைலில் போட்டிருக்கிறேனே" என்பவர்களுக்கு: சிஸ்டம்டி சர்வீஸாக ஓடும் அப் அந்த ஃபைலைப் படிக்காது. சர்வீஸ் ஃபைலில் என்விரான்மென்ட்ஃபைல் என்ற வரியில் தனியாகக் கொடுக்க வேண்டும்.

கீ சரியாக இருந்தும் ரீஸ்டார்ட்டில் தொலைகிறதா? அப்பை டாக்கர் கன்டெய்னரில் ஓட்டினால், செஷன் அந்தக் கன்டெய்னருக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். ஃபைலாகவோ எஸ்க்யூலைட்டாகவோ கன்டெய்னரின் சொந்த டிஸ்கில் எழுதினால், புது கன்டெய்னர் வந்ததும் அது போய்விடும். ரெடிஸையே வால்யூம் (கன்டெய்னருக்கு வெளியே நிற்கும் சேமிப்பு) இல்லாமல் டாக்கரில் ஓட்டினாலும் இதே கதிதான்.

லாகின் இருக்கிறது, ரிஃப்ரெஷ் செய்தால் இல்லை, மறுபடி செய்தால் இருக்கிறது

இந்த ஆட்டம் காட்டும் அறிகுறி வந்தாலே வொர்க்கர் எண்ணிக்கையைப் பாருங்கள். பைத்தான் அப்பை ஓட்டும் சர்வரான கூனிகார்னை நான்கு வொர்க்கரோடு ஓட்டினால் அவை நான்கு தனித்தனி புராசஸ். ஒன்றின் நினைவகம் இன்னொன்றுக்குத் தெரியாது. ஒரே வொர்க்கரோடு ஓட்டிப் பாருங்கள். அறிகுறி மறைந்துவிட்டால் காரணம் உறுதி.

அப்புறம் எது என்று பிரிக்க வேண்டும். மேலே சொன்ன கீ ஒவ்வொரு வொர்க்கரிலும் தனியாக உருவாகிறதா? இதை நிரூபிக்க எளிய வழி: அப் தொடங்கும் இடத்தில் புராசஸ் ஐடியையும், சீக்ரெட் கீயின் ஷா256 மதிப்பில் முதல் எட்டு எழுத்தையும் லாகில் எழுதுங்கள். நான்கு வரியிலும் எட்டு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். வேறு வேறாக வந்தால் பிடித்துவிட்டீர்கள். (முழு கீயை லாகில் எழுதவே கூடாது.)

எட்டு எழுத்தும் ஒன்றுதான் என்றால், யூசர் விவரத்தை யாரோ ஒரு குளோபல் டிக்ஷனரியில் வைத்திருக்கிறார்கள். இது ஒரு வொர்க்கரில் சரியாக ஓடுவது போலத் தெரியும், டெவலப்மென்ட் சர்வரில் கண்டுபிடிக்கவே முடியாது. ஜாங்கோவில் இதன் வேறு வடிவம் உண்டு: செஷன் எஞ்சினை கேஷ் என்று மாற்றிவிட்டு, கேஷ் செட்டிங்கை அப்படியே விட்டால் அது லோக்மெம். லோக்மெம் புராசஸுக்கு ஒன்று.

கூனிகார்னுக்கு பிரீலோட் ஆப்ஷன் கொடுத்தால் இந்த ஆட்டம் நின்றுவிடும், ஏனென்றால் கீ ஒரு முறை உருவாகி எல்லா வொர்க்கருக்கும் பிரதியாகப் போகிறது. ஆனால் அடுத்த ரீஸ்டார்ட்டில் எல்லோரும் வெளியே. லோட் பேலன்ஸரில் ஸ்டிக்கி செஷன் (ஒரு யூசரை எப்போதும் ஒரே சர்வருக்கு அனுப்புவது) போடுவதும் இதே வகை ஒட்டு வேலைதான். ஒரு சர்வர் விழுந்தால் அதிலிருந்த யூசர்கள் அத்தனை பேரும் விழுவார்கள். எல்லா சர்வருக்கும் ஒரே கீ, எல்லோரும் பார்க்கும் ஒரே சேமிப்பு இடம்: இதைச் செய்துவிட்டால் ஸ்டிக்கி தேவைப்படாது.

கூடையில் போட்ட பொருள் சில நேரம் நிற்கிறது, சில நேரம் இல்லை

எனக்கு மிகவும் பிடித்த பிழை இது. செஷனுக்குள் கூடை என்ற லிஸ்ட் இருக்கிறது, அதில் அப்பென்ட் செய்கிறீர்கள். அடுத்த பக்கத்தில் இல்லை. காரணம்: ஃபிளாஸ்க்கும் சரி, ஜாங்கோவும் சரி, செஷனின் மேல்மட்டத்தில் நடக்கும் மாற்றத்தை மட்டுமே கவனிக்கின்றன. உள்ளே இருக்கும் லிஸ்டில் ஒன்று கூடியதை அவை பார்ப்பதில்லை. மாறவில்லை என்று நினைத்துச் சேமிக்காமல் விட்டுவிடும். செஷனின் மாடிஃபைட் என்ற பண்பை ட்ரூ ஆக்குங்கள், அல்லது புது லிஸ்ட் செய்து அதே பெயரில் திரும்ப வையுங்கள். இரண்டாவதே எனக்கு உகந்தது, மறந்துபோக வாய்ப்பு குறைவு.

சரி, "சில நேரம் நிற்கிறது" ஏன்? ஃபிளாஸ்க்கின் ஃபிளாஷ் செய்தி செஷனில்தான் எழுதப்படுகிறது, அதுவும் மேல்மட்டத்தில். "பொருள் சேர்க்கப்பட்டது" என்று ஃபிளாஷ் செய்தி காட்டும் வழியில் போனால் செஷன் மாறியதாகக் கணக்காகி, கூடையும் சேர்ந்து சேமிக்கப்படும். செய்தி காட்டாத ஏஜாக்ஸ் வழியில் போனால் சேமிக்கப்படாது. அதேபோல், செஷனை பெர்மனென்ட் ஆக்கியிருந்தால் ஃபிளாஸ்க் இயல்பாகவே ஒவ்வொரு ரெஸ்பான்ஸிலும் குக்கீயைத் திரும்ப எழுதும். அப்போது பிழை முழுதாக மறைந்து கிடக்கும், யாராவது அந்த ஒரு வரியை நீக்கும் நாள் வரை. ஜாங்கோவில் செஷன்_சேவ்_எவ்ரி_ரிக்வெஸ்ட் இதே வேலையைச் செய்யும். அதை இந்தப் பிழைக்கு மருந்தாகப் போடாதீர்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் டேட்டாபேஸில் ஒரு எழுத்து வேலை சேரும்.

இதன் பக்கத்து வீட்டுப் பிழை ஒன்று. ஜாங்கோவில் கூடையை டிக்ஷனரியாக வைத்து, பொருளின் எண்ணைக் கீயாக்கி, எண்ணிக்கையை ஒன்று கூட்டுகிறீர்கள். யூசர் எத்தனை முறை அழுத்தினாலும் எண்ணிக்கை 1-லேயே நிற்கிறது. செஷன் ஜேசானாகச் சேமிக்கப்படுகிறது. ஜேசானில் கீ எல்லாம் ஸ்ட்ரிங். உள்ளே போன 12 என்ற எண், வெளியே "12" என்ற எழுத்தாக வரும். நீங்கள் எண்ணாகத் தேடினால் இல்லை என்று சொல்லும், பூஜ்யத்திலிருந்து மறுபடி 1. கீயை முதலிலேயே ஸ்ட்ரிங்காக மாற்றி வைத்தால் தீர்ந்தது. டேட்டைம், டெசிமல் போன்றவற்றை ஜாங்கோ செஷனில் நேரடியாக வைத்தால் டைப்எரர் வரும். அவற்றையும் ஸ்ட்ரிங்காக்கி வையுங்கள். இதற்காக, பைத்தான் பொருள்களை அப்படியே சேமிக்கும் பிக்கிள் சீரியலைசரைத் தேடிப் போக வேண்டாம். ஜாங்கோ 5.0-இல் அதையே எடுத்துவிட்டார்கள், பாதுகாப்புக் காரணத்துக்காக.

இருபது பொருள் வரை சரி, அதற்கு மேல் சேர்க்க முடியவில்லை

குக்கீ நிறைந்துவிட்டது. பிரவுசர்கள் ஒரு குக்கீக்கு சுமார் 4 கேபி வரைதான் இடம் தரும். அதைத் தாண்டினால் புது குக்கீயைப் பிரவுசர் சத்தமின்றி எறிந்துவிட்டு பழையதையே வைத்துக்கொள்ளும். ஃபிளாஸ்க்கின் அடித்தள லைப்ரரியான வெர்க்ஸோய்க், 4093 பைட்டைத் தாண்டும்போது சர்வர் லாகில் எச்சரிக்கை எழுதும், போய்ப் பாருங்கள்.

செஷனைச் சர்வர் பக்கம் நகர்த்த ஃபிளாஸ்க்-செஷன் எக்ஸ்டென்ஷன் இருக்கிறது. ஆனால் கூடையின் இடம் டேட்டாபேஸ் டேபிள் என்பது என் உறுதியான கருத்து. பாதி நிரப்பிய விண்ணப்பமும் அப்படித்தான். செஷனில் "இவர் யார், இவருடைய கூடை எண் என்ன" என்பது மட்டும் இருக்கட்டும். செஷன் போனால் யூசர் மறுபடி லாகின் செய்வார், அவ்வளவுதான். ஒரு மணி நேரம் தட்டச்சு செய்த விண்ணப்பம் போனால் அவர் திரும்பி வரமாட்டார்.

பிரவுசரை மூடினால் லாகவுட்

ஃபிளாஸ்க்கில் இது இயல்பு. லாகின் செய்யும் இடத்தில் செஷனின் பெர்மனென்ட் பண்பை ட்ரூ ஆக்குங்கள். ஆயுள் 31 நாள், வேண்டுமானால் செட்டிங்கில் மாற்றலாம். உங்கள் கணினியில் இந்தப் பிழை தெரியாமல் போகலாம். குரோமில் "விட்ட இடத்திலிருந்து தொடர்" என்ற அமைப்பு இருந்தால் மூடித் திறந்தாலும் செஷன் குக்கீ உயிரோடு இருக்கும்.

ஜாங்கோவில் இயல்பான ஆயுள் 1209600 விநாடி, அதாவது இரண்டு வாரம். தினமும் வரும் யூசரும் 14 நாளில் ஒரு முறை வெளியே தள்ளப்படுகிறார் என்றால் வியக்க வேண்டாம். கணக்கு கடைசியாக வந்த நேரத்திலிருந்து ஓடவில்லை, செஷன் கடைசியாக மாறிய நேரத்திலிருந்து ஓடுகிறது. வெறுமனே பக்கம் பார்ப்பது மாற்றத்தில் சேராது.

பேமென்ட் முடிந்து திரும்பினால் லாகின் போயிருக்கிறது

பணம் போய்விட்டது, ஆர்டர் பக்கம் லாகின் கேட்கிறது. யூசருக்கு நெஞ்சு படபடக்கும் இடம் இது, அதனால் இதை முதல் வேலையாக எடுங்கள்.

பல பேமென்ட் கேட்வேக்கள் பணம் முடிந்ததும் யூசரை உங்கள் தளத்துக்கு போஸ்ட் முறையில் திருப்பி அனுப்பும். வேறு தளத்திலிருந்து வரும் போஸ்டுக்கு, சேம்சைட் லாக்ஸ் என்று குறித்த குக்கீயைப் பிரவுசர் அனுப்பாது. ஜாங்கோ 2.1-லிருந்து செஷன் குக்கீக்கு லாக்ஸ்தான் இயல்பு. ஆக, உங்கள் வியூவுக்கு யூசர் அந்நியராக வந்து சேருகிறார்.

ஃபிளாஸ்க்கில் இது இன்னும் குழப்பும். அது சேம்சைட் எதையும் குறிப்பிடாமல் குக்கீ அனுப்பும். குரோம் 2020 முதல் அப்படிப்பட்ட குக்கீயையும் லாக்ஸாகவே நடத்துகிறது, ஆனால் ஒரு சலுகையோடு: குக்கீ உருவாகி இரண்டு நிமிடத்துக்குள் என்றால் போஸ்டிலும் அனுப்பும். கேட்வேக்குப் போகும் முன் ஆர்டர் எண்ணைச் செஷனில் எழுதுவீர்கள், குக்கீ அப்போதுதான் புதிதாகிறது. ஓடிபி சட்டென்று வந்தால் எல்லாம் சரி. ஓடிபி தாமதித்தால் லாகவுட். டெஸ்ட் மோடில் பத்து விநாடியில் முடித்துப் பார்க்கும் டெவலப்பருக்கு இது ஒருநாளும் வராது. நீங்களும் சோதிக்கும்போது கேட்வே பக்கத்தில் மூன்று நிமிடம் வேண்டுமென்றே காத்திருந்து பாருங்கள்.

சேம்சைட்டை "நன்" (தடை எதுவும் இல்லை) ஆக்கி, செக்யூர் (எச்டிடிபிஎஸ்-இல் மட்டும் போகும் பண்பு) சேர்த்தால் குக்கீ வரும். ஆனால் பேமென்ட்டுக்காக முழுத் தளத்தின் காப்பையும் தளர்த்துவதை நான் செய்யமாட்டேன். திரும்பும் வியூ செஷனை நம்பாமல் இருக்கட்டும். கேட்வே அனுப்பிய ஆர்டர் எண்ணையும் கையொப்பத்தையும் சரிபார்த்து, டேட்டாபேஸில் குறித்துவிட்டு, 303 ரீடைரெக்ட் மூலம் கெட் முறையில் ஆர்டர் பக்கத்துக்கு அனுப்புங்கள். அந்த கெட் ரிக்வெஸ்டில் லாக்ஸ் குக்கீ வந்துவிடும், யூசர் லாகினோடு இருப்பார்.

ஒரு எச்சரிக்கை. அந்தப் போஸ்ட் வியூவுக்குள் செஷனில் எதையும் எழுதாதீர்கள், ஃபிளாஷ் செய்தி உட்பட. காலி செஷனில் எழுதினால் புது குக்கீ கிளம்பிப் போய், பிரவுசரில் இருக்கும் நல்ல குக்கீயின் மேல் உட்காரும். அதற்குப் பிறகு யூசர் நிஜமாகவே லாகவுட்.

என் கணினியில் ஓடுகிறது, சர்வரில் இல்லை

செக்யூர் போட்ட குக்கீ, எஸ் இல்லாத எச்டிடிபி தளத்தில் உட்காராது. லோக்கல்ஹோஸ்டுக்கு குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் விலக்கு தருவதால் அங்கே தெரியவில்லை. டபிள்யூடபிள்யூடபிள்யூ உள்ள முகவரிக்கும் இல்லாத முகவரிக்கும் இடையே தாவினாலும் குக்கீ கூட வராது. ஒன்றை நிலையாக்கி மற்றதை அதற்குத் திருப்புங்கள். ரியாக்ட் தனி டொமைனில் இருந்தால் ஃபெட்ச் அழைப்பில் கிரெடென்ஷியல்ஸை இன்க்ளூட் ஆக்க வேண்டும். சர்வரும் குறிப்பிட்ட ஆரிஜினைப் பெயர் சொல்லி அனுமதிக்க வேண்டும், நட்சத்திரக் குறி செல்லாது.

சொந்தக் கணினியிலேயே இரண்டு ஜாங்கோ புராஜெக்ட்டை 8000, 8001 போர்ட்டில் ஓட்டி, ஒன்றில் லாகின் செய்தால் மற்றதில் லாகவுட் ஆகிறதா? குக்கீக்குப் போர்ட் கணக்கே கிடையாது. இரண்டும் ஒரே செஷன்ஐடி. ஒன்றில் குக்கீ பெயரை மாற்றினால் போதும்.

எந்த நேரம் என்றில்லாமல் எல்லோரும் ஒரே அடியாக வெளியேறுகிறார்கள்

ரெடிஸ் வைத்திருந்தால், கோடு முழுக்க கேஷ் கிளியர் அழைப்பைத் தேடுங்கள். ஜாங்கோவின் ரெடிஸ் கேஷில் கிளியர் என்றால் அந்த ரெடிஸ் டேட்டாபேஸையே துடைப்பது. முகப்புப் பக்கம் பழையதாகக் காட்டுகிறது என்று யாரோ டெப்ளாய் ஸ்கிரிப்டில் அதைச் சேர்த்திருப்பார். செஷனுக்குத் தனி டேட்டாபேஸ் எண் கொடுங்கள், முடிந்தால் தனி ரெடிஸே கொடுங்கள். தனி ரெடிஸ் நல்லது என்பதற்கு இன்னொரு காரணம்: நினைவகம் நிறைந்ததும் எதை எறிவது என்ற கொள்கை சர்வருக்கு ஒன்றுதான். கேஷுக்குப் பொருத்தமான ஆல்கீஸ்-எல்ஆர்யு (அதிக நேரம் தொடாததை முதலில் எறியும் கொள்கை), செஷனையும் தயங்காமல் எறியும். கொஞ்சம் கொஞ்சமாக யூசர்கள் வெளியேறினால் இதைச் சந்தேகியுங்கள்.

அத்தனை கவலையும் வேண்டாம் என்றால் ஜாங்கோவில் கேஷ்ட்_டிபி எஞ்சின் இருக்கிறது. எழுதும்போது டேட்டாபேஸிலும் எழுதும், கேஷில் இல்லாதபோது அங்கிருந்து எடுக்கும். பெரும்பாலான தளங்களுக்கு இதுவே போதும். டேட்டாபேஸ் வழி போனால், காலாவதியான வரிகள் தானாக அழியாது என்பதை மட்டும் நினைவில் வைத்து, கிளியர்செஷன்ஸ் கமாண்டை தினமும் கிரானில் ஓட்டுங்கள்.

கீயை மாற்றியே ஆக வேண்டும், ஆனால் யாரும் வெளியேறக் கூடாது

ஜாங்கோ 4.1-லும் ஃபிளாஸ்க் 3.1-லும் சீக்ரெட்_கீ_ஃபால்பேக்ஸ் வந்துவிட்டது. புது கீயை முதன்மையாக வைத்து, பழையதை அந்த லிஸ்டில் சேருங்கள். பழைய கையொப்பம் செல்லும், புதிதாகப் போடுவது புது கீயால் இருக்கும். செஷன் ஆயுள் முழுதும் கழிந்ததும் பழையதை நீக்கிவிடுங்கள்.

இது வழக்கமான கீ மாற்றத்துக்கு மட்டும். கீ கிட் ரெப்போவில் கசிந்துவிட்டதால் மாற்றுகிறீர்கள் என்றால் பழையதை ஃபால்பேக்ஸில் வைக்கவே கூடாது. அந்த கீ வைத்திருப்பவர் எவரும், எந்த யூசர் பெயரிலும் செல்லத்தக்க ஃபிளாஸ்க் குக்கீயைத் தானே தயாரிக்கலாம். அப்போது எல்லோரையும் வெளியேற்றிவிட்டு, ஏன் மறுபடி லாகின் கேட்கிறோம் என்று லாகின் பக்கத்தில் ஒரு வரி எழுதிவையுங்கள்.